தீருவின் கூலியும் எம்மாவு வழியும்: நிறைவேறிய தீர்க்கதரிசனங்களை விசுவாசிகள் ஏன் இறுகப் பற்றுகிறார்கள்?

வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 29-ஆம் அதிகாரத்தில் ஒரு விநோதமான கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. தீரு என்ற கடலோர வணிகப் பட்டணத்தை முற்றுகையிட்ட பாபிலோன் வீரர்களுக்குத் தலை மொட்டையாகிவிட்டது, தோள்பட்டைத் தோல் உரிந்துபோயிற்று, இவ்வளவு பாடுபட்டும் அவர்கள் ராஜா நேபுகாத்நேச்சாருக்கோ அவன் சேனைக்கோ கூலி கிடைக்கவில்லை என்கிறது அந்தப் பகுதி. காலம் ஏறக்குறைய கி.மு. 571. அதற்குச் சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்பு, 26-ஆம் அதிகாரத்தில், இதே எசேக்கியேல்தான் நேபுகாத்நேச்சார் வந்து தீருவின் மதில்களை இடிப்பான், பட்டணம் கொள்ளைபோகும், கடைசியில் வலை விரிக்கிற வெறும் பாறையாகும் என்று சொல்லியிருந்தார். முற்றுகை 13 ஆண்டு நீடித்தது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். ஆனால் கடலுக்குள் தீவாக இருந்த கோட்டைநகரிலிருந்து கொள்ளை என்று சொல்லிக்கொள்ள எதுவும் பாபிலோனியர் கைக்கு வரவில்லை. அதற்கு ஈடாக எகிப்தைத் தருகிறேன் என்று 29-ஆம் அதிகாரத்தில் புதிய வாக்கு வருகிறது.

பிரசங்கங்களில் தீருவின் கதை பெரும்பாலும் இதைத் தாண்டிப்போய், கி.மு. 332-இல் தொடங்கும். மகா அலெக்சாண்டர் ஏழு மாதம் முற்றுகையிட்டார். கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் கொட்டித் தீவுக்குப் பாதை போட்டார். உன் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரிலே போடுவார்கள் என்று எசேக்கியேல் 26:12-இல் இருப்பதை இதோடு சேர்த்து வாசிக்கும்போது யாருக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறியத்தான் செய்யும். அந்தப் பாதையைச் சுற்றி மணல் சேர்ந்து சேர்ந்து, தீரு இன்றைக்குத் தீவே இல்லை, நிலத்தோடு ஒட்டிக்கிடக்கிறது.

ஆனால் அதே பகுதி, நீ இனிக் கட்டப்படமாட்டாய் என்றும் சொல்கிறது. தீருவோ மறுபடியும் எழும்பிற்று. இயேசு அந்த எல்லைகளுக்குப் போயிருக்கிறார். பவுல் அங்கே இறங்கிச் சீஷர்களோடு ஏழு நாள் தங்கியதை அப்போஸ்தலர் 21 சொல்கிறது. இப்போதும் தெற்கு லெபனானில் சூர் என்ற பெயரில் மக்கள் வாழும் நகரம் அது. அங்குள்ள இடிபாடுகளை யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடலாண்ட அந்தப் பழைய வணிக ராஜ்யம் திரும்ப எழும்பவில்லை, தீர்க்கதரிசனம் அதைப் பற்றியதே என்று விசுவாசிகள் பதில் சொல்வார்கள். அது நியாயமான வாசிப்புதான். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறு. எசேக்கியேலின் புத்தகத்தைப் பாதுகாத்துக் கைமாற்றியவர்கள் 26-ஆம் அதிகாரத்தையும் வைத்தார்கள், கூலி கிடைக்கவில்லை என்ற 29-ஆம் அதிகாரத்தையும் வைத்தார்கள். ஒன்றைத் திருத்தவோ மற்றதை ஒளிக்கவோ அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் தீர்க்கதரிசனத்தை ரயில் கால அட்டவணையைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

சோதிக்காமல் நம்பினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. உபாகமம் 18 கண்டிப்பான விதி ஒன்றை வைக்கிறது: ஒருவன் கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்படவேண்டாம். இந்த விதி எப்படி வேலை செய்தது என்பதை எரேமியா 28 கண்முன்னே காட்டுகிறது. யூதாவின் ராஜா சிதேக்கியாவின் நான்காம் வருஷம். பாபிலோன் ஏற்கெனவே ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்துப் போயிருந்தது. எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு எருசலேமில் திரிகிறார். பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது அதன் பொருள். கிபியோன் ஊரானாகிய அனனியா ஆலயத்தில் ஜனங்கள் எல்லாரும் பார்க்க எழுந்து, பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவரும், சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புவார்கள் என்கிறான். எரேமியாவின் முதல் பதில் என்ன தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. கேலியா, ஏக்கமா என்று சொல்லத் தெரியாத ஓர் ஆமென். சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை அது வந்தபிறகுதான் கர்த்தர் அனுப்பினார் என்று அறியலாம் என்று சேர்த்துச் சொல்கிறார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா மறுவார்த்தை பேசாமல் தம் வழியே போய்விடுகிறார். பிறகு, மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும், நீ இந்த வருஷமே சாவாய் என்ற வாக்கோடு திரும்பி வருகிறார். ஐந்தாம் மாதத்தில் பேசிய அனனியா ஏழாம் மாதத்தில் செத்தான் என்று அதிகாரம் முடிகிறது.

கேட்க இனிமையாக இருந்தவன் பொய்த்தான், கசப்பாகச் சொன்னவர் நிலைத்தார். பாபிலோனின் ஆதிக்கத்துக்கு எரேமியா சொன்ன காலம் 70 வருஷம். பாபிலோன் கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசின் கையில் விழுந்தது. ஆலயம் இடிந்த 586-இலிருந்து திரும்பக் கட்டி முடிந்த 516 வரை எண்ணினால் சரியாக 70 வரும், முதல் சிறையிருப்பிலிருந்து பாபிலோனின் வீழ்ச்சிவரை எண்ணினால் அதற்குக் கொஞ்சம் குறையும். எப்படி எண்ணினாலும் சிறைப்பட்டுப்போன ஒரு சிறு ஜனம் தன் கடவுளோடும் தன் ஏடுகளோடும் ஊர் திரும்பியது அக்கால வழக்கத்துக்கு மாறானது. சிறைபிடிக்கப்பட்ட ஜனங்கள் பெரும்பாலும் கரைந்துபோனார்கள். இவர்கள் கரையாததற்குக் காரணங்களில் ஒன்று, இது நடக்கும் என்று முன்பே சொல்லப்பட்டது, ஆகவே நம் கடவுள் தோற்கவில்லை என்ற நம்பிக்கை.

நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11-க்குத் தனி மவுசு உண்டு: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அட்டையில் இடம் பிடிக்காதது அதற்கு முந்தின வசனம். அதில்தான் அந்த 70 வருஷம் இருக்கிறது. இது சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். அதைப் பாபிலோனில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே சாகவேண்டியவர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று அதே கடிதம் சொல்வது அதனால்தான்.

இனி புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் விசுவாசிகளுக்கு இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது.

இயேசு சிலுவையில் இறந்தபோது சீஷர்கள் கையில் இருந்தது ஒரு சிதைந்த நம்பிக்கை. எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்துபோன இருவரில் ஒருவரான கிலெயோப்பாவின் பேச்சில் அது அப்படியே கேட்கிறது: அவரே இஸ்ரவேலை மீட்பவர் என்று நம்பியிருந்தோம். இறந்தகாலத்தில் வைத்துப் பேசுகிறார். மேசியா வருவார், அரியணை ஏறுவார் என்று எதிர்பார்த்த ஜனத்துக்கு மேசியா அறையப்பட்டார் என்பது வெறும் துயரம் மட்டுமல்ல, மறுப்பும்கூட. தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்லியிருந்தது. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் பின்னால் எழுதியது மிகையல்ல.

அந்த வழியில் உடன் நடந்த அந்நியர் (அவர்கள் அடையாளம் காணாத, உயிர்த்தெழுந்த இயேசு) முதலில் அற்புதம் எதையும் செய்துகாட்டவில்லை. மோசே முதல் தீர்க்கதரிசிகள்வரை எடுத்து விவரித்தார் என்கிறார் லூக்கா. கிறிஸ்து இவ்விதமாய்ப் பாடுபடவேண்டியதில்லையா என்று கேட்டார். இயேசுவை முன்பின் அறியாதவருக்கு அவரை நிரூபிக்கும் வாதமல்ல இது. அவரை நேசித்து, அவர் சாவைக் கண்டு நொறுங்கியவர்களுக்கு அந்தச் சாவின் பொருளைத் திறந்துகாட்டும் வாசிப்பு. வரிசை முக்கியம்: முதலில் சம்பவம், பிறகு புத்தகம். முன்பு நூறுமுறை கேட்ட வசனங்கள் அந்தச் சாவின் வெளிச்சத்தில் வேறு மாதிரி ஒளிர்ந்தன. ஏறக்குறைய கி.பி. 55-இல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்லும் சிறு அறிக்கையில், வேதவாக்கியங்களின்படி என்பது இரண்டுமுறை வருகிறது. அத்தனை சீக்கிரத்திலேயே அது சபையின் மூச்சாகிவிட்டது.

அந்த வாசிப்பின் நடுவே நின்றது ஏசாயா 53, கர்த்தரின் தாசன் ஒருவர் படும் பாடுகளைச் சொல்லும் அதிகாரம். அசட்டைபண்ணப்பட்டவர், துக்கம் நிறைந்தவர், அடிக்கக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டியைப்போல வாய் திறவாதவர், துன்மார்க்கரோடு எண்ணப்பட்டவர், ஆனால் மரணத்துக்குப்பின் பலனைக் காண்பவர். ‘நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு’ என்ற வரி பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் வாசிக்கப்படும்போது சபையில் இருமல்கூடக் கேட்காது. கத்தோலிக்க வழிபாட்டிலும் அன்றைய முதல் வாசகம் இதே பகுதிதான்.

இது கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்தது என்று யாரும் இப்போது சொல்ல முடியாது. 1947-இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் அதைத் தீர்த்துவைத்தது. ஏழு மீட்டருக்கும் அதிக நீளம், தோல், 54 பத்திகள், ஏசாயா ஏறக்குறைய முழுதாக. இயேசுவுக்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. அதுவரை கையில் இருந்த முழு எபிரெயப் பிரதிகள் கி.பி. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆயிரம் வருஷத்துக்கும் மேலான இடைவெளியைத் தாண்டி 53-ஆம் அதிகாரம் பொருளில் பெரிய மாற்றமில்லாமல் வந்திருந்தது. ஆனால் சுருள் நிரூபிப்பது அவ்வளவுதான். அந்தத் தாசன் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டதாக வேதம் காட்டுகிறவர் எத்தியோப்பியர் ஒருவர். கந்தாகே ராணியின் பொக்கிஷங்களுக்கு அதிகாரி, காசாவுக்குப் போகும் வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயா 53-ஐ வாசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஓடிவந்த பிலிப்புவிடம், தீர்க்கதரிசி இதைத் தம்மைக்குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக்குறித்தா என்கிறார். நேர்மையான கேள்வி. ஏசாயா புத்தகமே 41, 44, 49-ஆம் அதிகாரங்களில் இஸ்ரவேலைத் தாசன் என்று அழைக்கிறது. ஆகவே பாடுபடும் தாசன் பாடுபடும் இஸ்ரவேல் ஜனமே என்பது யூதர்களின் நெடுநாளைய வாசிப்பு. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனிடமே யூதர்கள் அப்படி வாதாடினார்கள், பதினோராம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி அதை விரித்து எழுதினார். அவர்களைக் கண்மூடிகள் என்று சொல்வது அறியாமை. ஜனம் சுமந்ததை ஜனத்தின் பிரதிநிதியான ஒருவர் தம்மேல் எடுத்துக்கொண்டார் என்பதே கிறிஸ்தவ வாசிப்பின் பலம். அது யூத வாசிப்பைத் தள்ளிவிட்டு அல்ல, அதன்மேல் நின்றுதான் பொருள்படுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மத்தேயுவும் விளங்குவார். தீர்க்கதரிசியால் உரைக்கப்பட்டது நிறைவேறும்படி என்று அவர் சுமார் பத்து இடங்களில் எழுதுகிறார். அவற்றில் மீகா சொன்ன பெத்லகேம்போல நேரடி முன்னறிவிப்பும் உண்டு. ஆனால் எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்ற ஓசியா 11:1-ஐ எடுத்துப் பாருங்கள். அது முன்னறிவிப்பே அல்ல, பழைய விடுதலையை நினைவுகூரும் வரி. குமாரன் அங்கே இஸ்ரவேல். அடுத்த வசனத்திலேயே அவன் பாகால்களுக்குப் பலியிடுகிறான். மத்தேயுவுக்கு இது தெரியாதா? தெரியும் என்றே நினைக்கிறேன். எகிப்திலிருந்து வருதல், தண்ணீரைக் கடத்தல், வனாந்தரத்தில் நாற்பது, பிறகு மலை: இஸ்ரவேல் நடந்த தடத்திலேயே இயேசுவை நடத்திக்காட்டுகிறார். இஸ்ரவேல் விழுந்த இடத்தில் இவர் நிற்கிறார். நிறைவேறுதல் என்பது அவருக்குக் கதை முழுமைபெறுதல்.

இதனால்தான் நிகழ்தகவுக் கணக்கு எனக்கு ஒட்டவில்லை. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பீட்டர் ஸ்டோனர், எட்டுத் தீர்க்கதரிசனங்கள் ஒரே மனிதரிடம் தற்செயலாக நிறைவேற வாய்ப்பு பத்தின் பதினேழாம் அடுக்கில் ஒன்று என்று கணக்கிட்டார். டெக்சஸ் மாநிலம் முழுக்க இரண்டடி உயரத்துக்கு வெள்ளி டாலர்களைப் பரப்பி, அடையாளமிட்ட ஒன்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பதுபோல என்றார். நம்மூர் நற்செய்திக் கூட்டங்களிலும் இது ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ராஜா கழுதையின்மேல் வருவார் என்கிற சகரியா 9-ஐ வாசித்திருக்கும் ஒருவர் கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் வருவது தற்செயலாக எண்ணக்கூடியதா? இயேசு அதைத் தெரிந்தே செய்தார், செய்தி சொல்வதற்காகவே செய்தார். சிலுவைக் காட்சியைச் சுவிசேஷகர்கள் 22-ஆம் சங்கீதத்தின் சொற்களாலேயே வரைந்திருக்கிறார்கள் என்பதும் வாசிப்பவருக்குத் தெரியும். சங்கீதத்திலிருந்தே சம்பவத்தைப் படைத்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் சிலர் போகும் தூரத்துக்கு நான் போகமாட்டேன். அந்தச் சங்கீதத்தில் உடைகளைப் பங்கிடுவது வருகிறது; தண்டனை பெற்றவனின் உடைகள் சேவகர்களுக்குப் போவது ரோம வழக்கம்தான். நடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சங்கீதம் நினைவுக்கு வந்தது என்பதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை. ஆனால் இப்படி நினைவும் வேதமும் பின்னிக்கிடக்கும் இடத்தில் நாணயக் கணக்கு செல்லாது.

தீர்க்கதரிசனத்தை வெளியாருக்கான சான்றாக முன்வைத்தவர்களில் முக்கியமானவர் இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின். சமாரியாவில் பிறந்து, தத்துவம் தத்துவமாக அலைந்து, கடற்கரையில் சந்தித்த ஒரு முதியவர் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொன்னதால் மனம் மாறியதாக எழுதியிருக்கிறார். ரோமச் சக்கரவர்த்திக்கு அவர் எழுதிய மனுவில் தீர்க்கதரிசனமே பிரதான வாதம். காரணம் இருந்தது. ரோம உலகில் பழமைக்குத்தான் மதிப்பு, புதிய மதம் என்றால் மூடநம்பிக்கை. நேற்று முளைத்த கூட்டமல்ல நாங்கள், எங்கள் வேர் மோசேயில் இருக்கிறது என்று காட்ட அவருக்கு இது வேண்டியிருந்தது. அதே காலத்தில் மார்சியன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். சபை மறுத்தது. நிறைவேறுதல் என்ற அந்தக் கண்ணியை அறுத்தால் இயேசு வேரில்லாதவராகிவிடுவார் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பின்னாட்களில் இதே வாதம் யூதர்களை அடிக்கும் கோலாகவும் ஆயிற்று. 1263-இல் பார்சிலோனாவில் அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் யூத அறிஞர் நாக்மனிதீஸ் வாதுக்கு நிறுத்தப்பட்டார். எதிரே மதம் மாறிய பாப்லோ கிறிஸ்தியானி. அந்த விவாதத்தைப் பற்றி நாக்மனிதீஸ் எழுதிவைத்த குறிப்பில் ஒரு குத்தல் இருக்கிறது: மேசியா வந்தால் ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை, யுத்தம் கற்பதில்லை என்று ஏசாயா சொல்கிறாரே, இயேசுவின் நாள்முதல் உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறது, யுத்தம் கற்காமல் இருப்பது ராஜாவே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டமாயிருக்கும்! நிறைவேறிய பட்டியலை நீட்டுகிறவர்கள் நிறைவேறாததற்கும் கணக்குச் சொல்லவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பிறகு அவர் ஸ்பெயினை விட்டே போகவேண்டியதாயிற்று.

கிறிஸ்தவர்களின் பதில் அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசித்த இயேசு, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் நிறுத்திப் புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்தார். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை, அடுத்து வருவது தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாள். அதுவரை வாசித்ததைக்குறித்துத்தான் இன்று நிறைவேறிற்று என்றார். பாதி நடந்துவிட்டது, பாதி வரவிருக்கிறது என்ற இந்த நிலைதான் விசுவாசியின் அன்றாடம். நடந்த பாதிதான் வராத பாதிக்கு அச்சாரம். பெரிய வெள்ளியன்று ஏசாயா 53-ஐக் கேட்கிறவருக்கு அது பழைய முன்னறிவிப்பு பலித்த சாகசம் அல்ல. தன் வீட்டில் நடந்த சாவும் இப்படி ஒருநாள் பொருள்படும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதாரம்.

அந்த மிச்சப் பாதிக்குத் தேதி குறித்தவர்கள் எல்லாரும் அவமானப்பட்டார்கள். தானியேல் புத்தகத்தில் வரும் நாட்களை எண்ணிய அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள், அறுவடையை வயலிலேயே விட்டவர்களும் உண்டு. அந்த இரவும் விடிந்தது. அவர்கள் தவறவிட்டது எண்ணிக்கையில் அல்ல, யோனாவின் புத்தகத்தில் என்று நினைக்கிறேன். நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று நிபந்தனை ஏதும் சொல்லாமல் அறிவித்தார் யோனா. நினிவே மனந்திரும்பியது, கவிழவில்லை, தீர்க்கதரிசி கோபப்பட்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தார். வருவேன் என்ற வாக்கு எங்கே என்று கேலி செய்கிறவர்களுக்கு 2 பேதுரு 3 சொல்லும் பதிலும் இதே தர்க்கம்தான்: இது தாமதமல்ல, ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பும்படியான நீடிய பொறுமை.